வாப்பாவின் கணக்கும் லாத்தாவின் சீட்டும்



2021ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு நாள், மக்ரிபுத் தொழுகைக்குப் பிறகு எங்கள் வீட்டுத் திண்ணையில் எழுந்த ஒரு கேள்வியைப் பற்றி எழுத வேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். கேட்டவர் என் வாப்பா. அரசுப் பேருந்தில் காசு வாங்காமல் பெண்களுக்குக் கொடுக்கும் சீட்டு நமக்கு ஆகுமா, ஆகாதா என்பதே கேள்வி.

வேறு யாராவது கேட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் வாப்பா முப்பத்தோர் ஆண்டுகள் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். தமிழ்நாட்டில் தனியாரிடமிருந்த பேருந்துத் தடங்களை அரசு ஏற்று, 1972இல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று கழகங்களை அமைக்கத் தொடங்கியது. பிறகு தலைவர்களின் பெயரால் மேலும் பல கழகங்கள் பிறந்தன. 1997இல் அந்தப் பெயர்களெல்லாம் நீக்கப்பட்டு, எல்லாம் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்றாயின. அவற்றுள் ஒன்றில் 1984இல் சேர்ந்த வாப்பா 2015இல் ஓய்வு பெற்றார். தோல்பையும் சீட்டுக் கட்டும் காதில் செருகிய பேனாவுமாக அவர் இரவில் வீடு திரும்புவது என் பிள்ளைப்பருவத்து நினைவு. உணவுக்கு முன்பே சில்லறையைக் கொட்டி எண்ணுவார். வே-பில்லில் ஒவ்வொரு ஸ்டேஜிலும் எழுதிய சீட்டு எண்களோடு ஒப்பிடுவார். ஒரு நாள் ஒரு ரூபாய் எழுபத்தைந்து காசு குறைந்தது. உம்மாவின் சுருக்குப்பையிலிருந்து எடுத்து வைத்துவிட்டுத்தான் கை கழுவினார். பொதுப்பணம் அமானிதம் என்பதை அவர் எங்களுக்குப் பாடமாகச் சொன்னதில்லை. சில்லறை எண்ணும் ஓசையே எங்களுக்குப் பாடமாக இருந்தது.

அந்த அக்டோபரில் என் லாத்தா இத்தாவை முடித்திருந்தார். மச்சான் மே மாத இறுதியில், கொரோனா இரண்டாம் அலையில் மவுத்தானார். அதே மே மாதம் 7ஆம் நாள் பொறுப்பேற்ற புதிய அரசு, சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்று அன்றைக்கே உத்தரவிட்டது. மறுநாள் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 10ஆம் நாள் முழு ஊரடங்கு தொடங்கி, பேருந்துகள் நின்றன. பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கியபோது லாத்தா வீட்டுக்குள் இருந்தார். நான்கு மாதமும் பத்து நாளும் கழித்து அவர் வாசற்படி இறங்கியபோது வெளியே உலகத்தில் ஒரு சிறிய மாற்றம் நிகழ்ந்திருந்தது. அதை அவர் அறிந்திருக்கவில்லை.

முதல் பயணம் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு, வாரிசுச் சான்றிதழுக்காக. உம்மா இருபது ரூபாயை மடித்துக் கொடுத்து அனுப்பினார். மாலையில் திரும்பிய லாத்தா அந்த நோட்டை அப்படியே உம்மாவின் கையில் வைத்தார். "சீட்டு குடுத்தாங்க உம்மா, காசு வேணாம்னுட்டாங்க" என்றார். வாப்பா அந்தச் சீட்டை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் பார்த்தார். அன்றிரவுதான் மேற்சொன்ன கேள்வியைக் கேட்டார்.

எங்கள் ஊரில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். தட்டை மடியில் வைத்தபடியே ஒரு வாழ்நாள் கழிகிறது. உழைக்காத பெண் என்று யாரையும் சொல்ல முடியாது. இருந்தும் ஊரைவிட்டு வெளியே போக வேண்டுமென்றால் யாரிடமாவது கேட்க வேண்டும். போகலாமா என்று கேட்பது ஒன்று, போவதற்குக் காசு கேட்பது மற்றொன்று. முன்னதை மார்க்கம், மரியாதை, வழக்கம் என்ற பெயர்களில் நாம் நிறையப் பேசியிருக்கிறோம். பின்னதைப் பற்றி நம் மேடைகளில் பேச்சே எழுந்ததில்லை. கணவரை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பிய நாற்பது வயதுப் பெண், தம்பியாகிய என்னிடம் பஸ்ஸுக்குக் காசு கேட்கும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்பதை நான் இரண்டு முறை பார்த்தேன். மூன்றாம் முறை பார்க்கும் நிலையை அல்லாஹ் எனக்கு ஏற்படுத்தவில்லை. நவம்பர் மாதத்தில் பதினொரு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊரில் பள்ளிச் சீருடை தைக்கும் கூடம் ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. மாதம் ஏழாயிரம் ரூபாய். போக பத்து, வர பத்து, மாதத்துக்கு இருபத்தாறு நாள் என்றால் 520 ரூபாய் அவர் கையில் மிஞ்சியது. மாநிலத் திட்டக் குழு நடத்திய ஆய்வில், இத்திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று கண்டறிந்தார்கள். லாத்தாவுக்கு மிஞ்சியது அதைவிடக் குறைவு. ஆனால் அந்த 520ஐ அவர் யாரிடமும் கேட்டுப் பெறவில்லை என்பது எந்த ஆய்வின் எண்ணிலும் வராது.

வாப்பாவின் கேள்விக்கு வருகிறேன். ஜும்ஆவுக்குப் பிறகு நாங்கள் இருவரும் பள்ளிவாசல் ஹஸ்ரத்தை அணுகினோம். அவர் பொறுமையாகக் கேட்டார். ஆட்சியாளர் பொதுக் கருவூலத்திலிருந்து மக்களுக்குத் திறந்த மனத்தோடு கொடுக்கும் ஒன்றை, அதற்குரிய நிபந்தனையை மீறாமலும் பொய் சொல்லாமலும் பெறுவதில் தடையேதும் இல்லை என்றார். ஒருவரை அவருடைய வாகனத்தில் ஏற்றிவிடுவதையும், அவருடைய சுமையைத் தூக்கிக் கொடுப்பதையும் நபி (ஸல்) அவர்கள் தர்மம் என்று சொல்லியிருப்பதை நினைவூட்டினார். பிறகு ரூமா கிணற்றின் வரலாற்றைச் சொன்னார். மதீனாவில் நல்ல தண்ணீர் அரிதாக இருந்த காலம் அது. அந்தக் கிணற்று நீர் விலைக்கு விற்கப்பட்டது. அதை வாங்கிப் பொதுவாக்குபவர் யார் என்று நபியவர்கள் கேட்க, உஸ்மான் (ரலி) வாங்கினார்கள். உரிமையாளர் முழுவதையும் விற்க மறுத்ததால் முதலில் பாதியையே வாங்கினார்கள் என்றும், ஒருநாள் விட்டு ஒருநாள் முறை வந்தது என்றும் சில வரலாற்று நூல்கள் கூறுகின்றன. உஸ்மானின் நாளில் மக்கள் இரண்டு நாளுக்கான தண்ணீரை இறைத்துக்கொண்டார்களாம். மற்ற நாளில் விலைக்கு வாங்க ஆளில்லை. கடைசியில் மறுபாதியும் உஸ்மானுக்கே விற்கப்பட்டது. அதன் பின் தமது வாளியும் எல்லாருடைய வாளியும் ஒன்றே என்ற நிலையில் அவர்கள் அதைப் பொதுவில் விட்டார்கள்.

நான் நிம்மதியடைந்தேன். வாப்பா அடையவில்லை. பள்ளிவாசலின் படியில் செருப்பைத் தேடிக்கொண்டே, "கெணறு சரி. கயிறும் வாளியும் அந்துபோனா யாரு வாங்கிப் போட்டாங்கன்னு ஹஸ்ரத்து சொல்லலியே" என்றார்.

அவருடைய மனத்தில் எது உறுத்திக்கொண்டிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆகுமா ஆகாதா என்று அவர் கேட்டது வாங்குபவரைப் பற்றியதன்று. கொடுப்பவர் யாருடைய பையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார் என்பதைப் பற்றியது.

அவர் ஓய்வு பெற்ற ஆண்டிலேயே, 2015 நவம்பரிலிருந்து, போக்குவரத்து ஓய்வூதியர்களுக்கு அகவிலைப்படி உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. அரிசி விலை உயர்ந்தது, மருந்து விலை உயர்ந்தது, ஓய்வூதியம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. 2024 ஜனவரி 9ஆம் நாள் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் தொடங்கியபோது முன்வைத்த கோரிக்கைகளில் இதுவும் ஒன்று. ஆக, ஒரே வீட்டில் மகளுக்குப் பேருந்துக் கட்டணம் மிஞ்சியது, தந்தைக்கு அதே பேருந்தின் பெயரால் ஓய்வூதியம் தேங்கியது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பில்லை என்று கணக்கு அறிந்தவர்கள் சொல்லக்கூடும். தேக்கம் முதலில் வந்தது, இலவசம் ஆறு ஆண்டுகள் கழித்து வந்தது என்பதும் உண்மையே. ஆனால் வாப்பாவின் மனத்தில் அவை ஒரே வே-பில்லின் இரண்டு வரிகள்.

எண்களைப் பார்ப்போம். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, அரசுப் பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு இழப்பு என்றது. கட்டணமோ 2011 நவம்பரிலும், பிறகு 2018 ஜனவரியிலும் உயர்த்தப்பட்டதோடு சரி. டீசல் விலை அதற்காகக் காத்திருக்கவில்லை. மகளிர் பயணத்துக்காகக் கழகங்களுக்கு அரசு ஈடுசெய்யும் தொகை தொடக்கத்தில் ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் என்று மதிப்பிடப்பட்டது. 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் 3,600 கோடி ஒதுக்கப்பட்டது. இத்தொகை வானத்திலிருந்து இறங்குவதில்லை. சோப்பு வாங்குகிறவரும் பெட்ரோல் போடுகிறவரும் கட்டும் வரியிலிருந்து வருகிறது. அதே பேருந்தில் பத்து ரூபாய் கொடுத்துச் சீட்டு வாங்கும் கூலித் தொழிலாளியான ஆணும் அதற்குப் பங்கு கொடுக்கிறார். பேருந்தே போகாத ஊர்ப் பெண்ணும் கொடுக்கிறாள். 'ஓசி' என்று இதைச் சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். எல்லாரும் கொடுத்த பணத்தில் எல்லாருக்கும் பங்குண்டு. நம் மொழியில் அதற்கு ஹக்கு என்று பெயர்.

ஆனால் ஹக்கு என்ற சொல் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் பொருந்தும் அல்லவா? தொழிலாளியின் கூலியை அவருடைய வியர்வை உலர்வதற்குள் கொடுத்துவிடுங்கள் என்னும் நபிமொழியை நாம் வீட்டு வேலைக்காரர் விஷயத்தில் நினைவுகூர்கிறோம். முப்பது ஆண்டு வியர்வைக்கு ஈடான ஓய்வூதியத்தில் அதை நினைப்பதில்லை.

வக்ஃபு பற்றிய ஃபிக்ஹுச் சட்டங்களில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. வக்ஃபுச் சொத்தின் வருவாயில் முதல் செலவு அச்சொத்தின் பராமரிப்புக்கே. பள்ளிவாசலுக்கு எழுதிவைத்த கடை இடிந்துகொண்டிருக்கும்போது அதன் வாடகையில் விருந்து வைப்பது முறையாகாது. இதை நாம் எவ்வளவு தூரம் பின்பற்றுகிறோம் என்பது வேறு கதை. நம் ஜமாஅத்துகள் பலவற்றில் ஐம்பது ரூபாய் வாடகைக்குக் கட்டுண்டு ஓடு சரியும் வக்ஃபுக் கடைகளைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. டமாஸ்கஸிலிருந்து மதீனாவரை போடப்பட்ட ஹிஜாஸ் இரயில்பாதை இன்னோர் எடுத்துக்காட்டு. அதன் செலவில் ஒரு பகுதி உலக முஸ்லிம்கள் கொடுத்த நன்கொடை. இந்திய முஸ்லிம்களும் கொடுத்தார்கள். 1908இல் அது மதீனாவை எட்டியபோது எத்தனை பேர் கண்ணீர் விட்டிருப்பார்கள்! முதல் உலகப் போரில் சிதைந்தபின் தெற்குப் பகுதியைப் பழுதுபார்த்து ஓட்டுவதற்கு நிலையான ஏற்பாடு அமையவில்லை. தண்டவாளம் மணலில் புதைந்தது. கொடுக்கும் ஆர்வம் ஒரு நாளில் பொங்கிவிடும். பராமரிப்புக்கு அந்தப் பொங்கல் கிடையாது.

இந்தக் கணக்கு எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து நின்றது. 2023இன் நடுப்பகுதியில், லாத்தா வேலை முடிந்து வரும் இரவு 7.40 வண்டி திடீரென்று வராமற்போனது. ஓட்டுநர் பற்றாக்குறை என்றார்கள், வண்டி பழுது என்றார்கள். அடுத்த வண்டி 9.10க்கு. பேருந்து நிலையத்தில் ஒன்றரை மணி நேரம் தனியே நிற்பது அவருக்கும் அச்சம், எங்களுக்கும் அச்சம். ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது கேட்டார்கள். சில நாள் நான் மோட்டார் சைக்கிளில் போய் அழைத்து வந்தேன். எல்லா நாளும் முடியவில்லை. கடைசியில் அவர் முதலாளியிடம் பேசி, மாலை ஐந்தரைக்கே கிளம்பும்படி ஏற்பாடு செய்துகொண்டார். அதற்கு ஈடாகச் சம்பளத்தில் ஆயிரம் ரூபாய் குறைந்தது.

வாப்பா பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதிப் பார்த்தார். சீட்டால் வரவு 520. வண்டி நின்றதால் செலவு 1,000. தாளை என்னிடம் நீட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்.

அவர் உள்ளே போனது கோபத்தில் என்று எண்ணினேன். மறுநாள் அஸருக்குப் பிறகு ஊர் நிறுத்தத்தில் அவர் நிற்பதைக் கண்டபோதுதான் தெரிந்தது. கையில் நோட்டு. ஆறு நாள் மாலையில் நின்று, எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பேர் இறங்கினார்கள், அவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று குறித்தார். வே-பில் போலவே கட்டம் போட்டிருந்தார். பெண்கள் கூட்டமாக நிற்பதைக் கண்டு ஒரு வண்டி நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நின்றதையும் நேரத்தோடு எழுதினார். அதைப் பற்றிக் கேட்டபோது, வசூலை வைத்தே நடத்துநரை மதிப்பிட்டுப் பழகிய தொழில் இது, அந்தப் பழக்கம் அவ்வளவு எளிதில் போகாது என்று வருத்தத்தோடு சொன்னார். தம் தோழர்களை அவர் குறை சொல்லிக் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அந்த நாட்களில் ஒன்றில் அவர் சொன்னதை நான் மறக்க மாட்டேன். முன்பு கட்டணம் ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் ஏறும். ஐம்பது காசை மிச்சப்படுத்துவதற்காகத் தலைச்சுமையோடு பெண்கள் ஒரு ஸ்டேஜ் முன்னதாகவே இறங்கிவிடுவார்களாம். வண்டி நகரும்போது பின்பக்கக் கண்ணாடி வழியே அவர்கள் வெயிலில் நடந்து வருவது தெரியும். "அவங்க எறங்குறப்ப நான் விசில் குடுத்துருக்கேன். எத்தன வருஷம்" என்றார். பிறகு நிறுத்தத்தில் இறங்கி வீட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்த பெண்களைக் காட்டி, "இப்ப எல்லாரும் ஊர்லயே எறங்குறாங்க" என்றார்.

ஜமாஅத்தின் பெயரால் மனு எழுதப்பட்டது. வாப்பாவின் கட்டத்தை அப்படியே இணைத்தோம். திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்க ஏழு பேர் போனோம். அவர்களில் நான்கு பேர் பெண்கள். அவர்களும் கட்டணமில்லாச் சீட்டில்தான் வந்தார்கள். பீடி சுற்றும் அக்காள் ஒருவர் ஆட்சியர் அலுவலகத்தை அன்றுதான் முதன்முதலில் பார்ப்பதாகச் சொன்னார்.

அந்தப் பயணத்தில் ஒரு வாதம் நடந்தது. அஞ்சு ரூபாய் வாங்கிக்கொண்டாவது வண்டியை நேரத்துக்கு விட்டால் போதாதா என்று லாத்தா கேட்டார். தம்மால் கொடுக்க முடியும் என்றார். பீடி அக்காள் உடனே மறுத்தார். "ஒனக்கு மாசச் சம்பளம், குடுப்ப. எனக்கு எல குறைஞ்ச வாரம் அந்த அஞ்சு ரூவாயும் இருக்காது. பெறவு நான் வீட்லதான்." இருவருமே உண்மை பேசினார்கள். வசதியுள்ள பெண்களிடம் மட்டும் வாங்கலாமே என்பவர்கள், வாசலில் நின்று ஏழ்மைக்குச் சான்று கேட்கும் நடத்துநரைக் கற்பனை செய்து பார்க்க வேண்டும். ரூமா கிணற்றில் யாருடைய வாளியையும் சோதித்ததாக நான் படிக்கவில்லை. எனவே இலவசம் இலவசமாகவே இருக்கட்டும் என்பது என் கருத்து. அதன் விலையை அரசு முழுமையாகவும் உரிய நேரத்திலும் கழகத்துக்குக் கட்ட வேண்டும், அந்தப் பணத்தில் முதற்பங்கு வண்டிக்கும் அதை ஓட்டுகிறவருக்கும் போக வேண்டும். அதற்காக வரி சற்றுக் கூடுமென்றால் கடை வைத்திருக்கும் நான் முணுமுணுக்காமல் கட்ட வேண்டும். முணுமுணுக்க மாட்டேன் என்று உறுதி சொல்லத் துணிவில்லை, முயல்வேன்.

7.40 வண்டி இரண்டு மாதத்துக்குப் பின் திரும்ப வந்தது. மழை நாட்களில் இன்னமும் வருவதில்லை, ஞாயிற்றுக்கிழமை கிடையாது. லாத்தா பழைய நேரத்துக்கு மாறிக்கொண்டார், ஆயிரம் ரூபாய் திரும்பியது.

வாப்பா இப்போது ஒரு விதி வைத்திருக்கிறார். லாத்தா சீட்டைக் கேட்டு வாங்காமல் இறங்கக் கூடாது. கூட்ட நேரத்தில் நடத்துநர் பெண்களுக்குச் சீட்டுக் கொடுக்க விட்டுவிடுவதுண்டு. எப்படியும் காசில்லைதானே என்று பெண்களும் கேட்பதில்லை. சீட்டு அச்சானால்தான் நீ பயணம் செய்தது கணக்கில் ஏறும், கணக்கில் ஏறினால்தான் கழகம் அதற்குரிய பணத்தை அரசிடம் கேட்க முடியும், ஆளில்லாத தடம் என்று உன் வண்டியை நிறுத்தாமலிருப்பார்கள் என்பது அவர் சொல்லும் காரணம். லாத்தா வீட்டுக்குள் நுழைந்து ஸலாம் சொன்னதும், பதில் சொல்லிவிட்டு அவர் கேட்கும் முதல் கேள்வி, "ஏளா, சீட்டு எங்க?"

சென்ற மாதம் கண் பரிசோதனைக்காக வாப்பாவை லாத்தாதான் அழைத்துப் போனார். திரும்பும்போது 7.40 வண்டி. இளம் நடத்துநர் ஒருவர். வாப்பா பத்து ரூபாய் கொடுத்துத் தமக்கொரு சீட்டு வாங்கினார். லாத்தாவுக்குப் பூச்சியம் போட்ட சீட்டு வந்தது. கண்ணில் விட்ட மருந்தால் எழுத்து தெரியவில்லை. இரண்டையும் லாத்தாவிடம் கொடுத்து எண்ணைப் படிக்கச் சொன்னார். அவர் படிக்கப் படிக்க, அடுத்தடுத்த எண்தானா என்று மனத்துக்குள் சரிபார்த்துக்கொண்டு, இரண்டு சீட்டையும் ஒன்றாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு அந்த நடத்துநரைக் கூப்பிட்டு, "தம்பி, கடைசி ட்ரிப்பா? சாப்டியா?" என்று கேட்டாராம்.